வளைவில் நிற்கும் எலக்ட்ரான்

(ஏற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஆண்டுக்கு ஒருமுறை மலைமேல் ஓர் அறிவியல் உரை நடக்க வேண்டும், அது தமிழில் இருக்க வேண்டும், எளிமையாக்குகிறேன் என்று சொல்லிப் பொருளை நீர்க்கவிட்டுவிடக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார். கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் கடினமான பொருள் ஒன்றையே எடுத்துவந்திருக்கிறேன். நிக்கல் ஆக்சைடுகளில் மீக்கடத்தல் எப்படி வருகிறது? அங்கே எலக்ட்ரான்கள் எந்த ஆர்பிட்டாலில் (அணுவைச் சுற்றி அவற்றுக்கு உரிய இடத்தில்) குடியிருக்கின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடம் விடுகின்றன?

கண்ணெதிரே இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். சேலத்திலிருந்து ஏறும்போது கீழே சமவெளியில் வெள்ளைக்கல் சுரங்கங்களின் குவியல்கள் தெரியும். மேலே வர வர மண் சிவக்கும். சேர்வராயன் கோயில் மேட்டில் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும். இந்த மலையின் சார்னோக்கைட் பாறை நெடுங்காலம் மழையில் ஊறி, மணற்சத்தெல்லாம் கரைந்தோடி, இரும்பும் அலுமினியமும் மட்டும் மேலே தங்கியதால் வந்த நிறம் அது. அப்படித் தங்கிய தாதுவான பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆயிற்று. செம்புழுதி படிந்த லாரிகள் மலையிறங்கிய நாட்களை இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த வெட்டு நின்றுவிட்டது. அலுமினியம் ஆக்சிஜனை அவ்வளவு எளிதில் விடாது. ஒரு கிலோ உலோகத்தைப் பிரிக்க 13 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி இங்கே வருவோம்.

அலுமினியம் ஒரு மீக்கடத்தி. 1.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் மின்தடை முற்றிலும் மறைகிறது. அதன் எலக்ட்ரான்களைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினமில்லை. ஒவ்வோர் அணுவும் வெளிக்கூட்டிலுள்ள 3 எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அவை படிகம் முழுக்கப் பரவுகின்றன. ஒன்றையொன்று விலக்கத்தான் செய்கின்றன, ஆனால் கூட்டம் அந்த விலக்கத்தை மறைத்துவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் போகிறவருக்கு மொத்த நெரிசல் தெரியும், பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. அதுபோல ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் மற்றவை எல்லாம் சேர்ந்த சராசரி மட்டும்தான் தெரியும். இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு பொருளின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் முறையை வால்டர் கோனும் லூ ஷாமும் 1965-ல் தந்தார்கள். அலுமினியத்துக்கு அது மிக நன்றாகப் பொருந்துகிறது. படிக அதிர்வு எலக்ட்ரான்களை இணை சேர்க்கிறது என்ற 1957-ஆம் ஆண்டின் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் கொள்கையும் பொருந்துகிறது. கீழே வெள்ளைக்கல்லில் இருக்கும் மக்னீசியமும் இந்த வகைதான். அது போரானோடு சேர்ந்த மக்னீசியம் டைபோரைடு 39 கெல்வினில் மீக்கடத்தி ஆகிறது என்று 2001-ல் ஜப்பானில் கண்டார்கள். அங்கேயும் இணை சேர்ப்பது அதிர்வுதான்.

நிக்கல் வேறு வகை.

நிக்கலைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் காபி டம்ளரில் இருக்கிறது. சேலம் உருக்காலையிலிருந்து வரும் எவர்சில்வரின் நல்ல வகைகளில் 100-க்கு 8 பங்கு அளவில் நிக்கல் உண்டு. காந்தம் ஒட்டாததுதான் நல்ல எவர்சில்வர் என்று பாத்திரக்கடையில் சொல்வார்களே, அதற்குக் காரணமும் நிக்கல்தான்: இரும்பணுக்களின் அடுக்கையே அது மாற்றிவிடுகிறது. அதே நிக்கலை ஆக்சிஜனோடு சேர்த்தால் பச்சை நிறப் பொடி கிடைக்கும். அந்தப் பச்சைப் பொடிதான் 1937-ல் இயற்பியலை ஒரு சங்கடத்தில் நிறுத்தியது.

அன்றைய ஆற்றல் பட்டைக் கொள்கை சொன்னது இதுதான்: பட்டை (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் மட்டங்களின் தொகுதி) முழுதும் நிரம்பியிருந்தால் காப்பான், அரைகுறையாக நிரம்பியிருந்தால் உலோகம். நிக்கல் ஆக்சைடில் நிக்கலின் 3டி ஆர்பிட்டால்களால் ஆன பட்டை முழுதாக நிரம்பவில்லை. ஆகவே மின்சாரம் பாய வேண்டும். ஆனால் பாயவில்லை. பிரிஸ்டலில் நடந்த கூட்டத்தில் டி போயர், வெர்வே என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் இதை எடுத்துவைத்தார்கள். எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று பையர்ல்ஸ் அங்கேயே சொன்னார். அந்தக் குறிப்பை நெவில் மாட் வளர்த்தெடுத்தார்.

நீங்கள் ஏறிவந்த பாதையையே உவமையாக்குகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் அதிகம் போனால் இரண்டு வண்டிகள், ஒன்று ஏறுவது, ஒன்று இறங்குவது. எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் இரண்டே திசைகள்தான். ஒரே திசையுள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஓர் ஆர்பிட்டாலில் இருக்க பவுலியின் விதி இடம் தராது. இப்போது வளைவுக்கு ஒன்றாக 20 பேருந்துகள் நிற்கின்றன என்று வையுங்கள். பாதி இடம் காலி. பாதையில் உடைப்பும் இல்லை. கணக்குப்படி போக்குவரத்து ஓட வேண்டும். ஆனால் இரண்டு பேருந்துகள் ஒரே வளைவில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஓட்டுநருக்குத் தெரியும். அந்த நெருக்கடிக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றலை 'யூ' என்கிறோம். அடுத்த வளைவுக்கு நகர்வதால் கிடைக்கும் ஆதாயம் 'டி'. 'யூ' மிகப் பெரிதாக இருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் வளைவிலேயே நின்றுவிடுவார்கள். இதுதான் மாட் காப்பான். 1963-ல் ஜான் ஹப்பர்டு இந்த இரண்டு எழுத்துகளாலேயே ஒரு மாதிரியை எழுதினார். இரு பரிமாணத்தில் அதை இன்றுவரை முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. (உண்மையான நிக்கல் ஆக்சைடில் ஒரு நிக்கலுக்கு இரண்டு தனி எலக்ட்ரான்கள், தனித்தனி ஆர்பிட்டாலில். உவமை அங்கே சற்று நெளியும். கருத்து மாறாது.)

இப்போது நான்கு பேருந்துகளை எடுத்துவிடுங்கள். நகர்வு தொடங்கும். ஆனால் எந்தப் பேருந்து எப்போது நகரும் என்பது காலி வளைவு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது மற்ற எல்லாப் பேருந்துகளையும் பொறுத்தது. ஒரு எலக்ட்ரானின் கதையை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல இனி முடியாது. சராசரி உதவாது. இதைத்தான் எலக்ட்ரான் ஒட்டுறவு என்கிறோம். பெயரைக் கேட்டால் நெருக்கம் போலத் தோன்றும். நடப்பதோ விலகி நிற்பதில் உள்ள ஒழுங்கு.

அந்த ஒழுங்கிலிருந்து ஒரு காந்த உறவும் பிறக்கிறது. அடுத்தடுத்த வளைவுகளில் ஒன்று ஏறும் வண்டியாகவும் மற்றது இறங்கும் வண்டியாகவும் இருந்தால், ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சிறிது ஆற்றல் மிச்சம். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் அதுவும் முடியாது. ஆகவே அண்டை எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு இணை சேர விரும்புகின்றன. காப்பானில் ஏற்கனவே இணைகள் இருக்கின்றன, சில எலக்ட்ரான்களை நீக்கி இடம் கொடுத்தால் அதே இணைகள் மீக்கடத்தும் என்று ஃபிலிப் ஆண்டர்சன் முன்வைத்தார். எங்கே தெரியுமா? இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரில், 1987 ஜனவரியில் நடந்த ஒரு மாநாட்டில். உடனே அதைக் கணக்காக எழுதிய மூவரில் ஒருவர் பிறகு சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் கட்டுரை 1987-லேயே வந்தது. உடனிசைவு இணைதிறன் பிணைப்பு என்ற அந்தக் கருத்தைத் தமிழ்நாட்டு மாணவர்கள் இன்னும் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆண்டர்சனை அப்படிப் பேசவைத்தது 1986-ல் சூரிச்சில் பெட்னார்ஸும் முல்லரும் கண்ட தாமிர ஆக்சைடு. அதன் முன்கதை நமக்கு முக்கியம். அவர்கள் தாமிரத்தில் தொடங்கவில்லை. 1983-ல் தொடங்கியது நிக்கலில். லாந்தனம் நிக்கல் ஆக்சைடு நல்ல உலோகம்; அதில் எலக்ட்ரான்களின் ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்க நிக்கலின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அங்கே அலுமினியத்தை வைத்தார்கள். மின்தடை ஏறியது, மீக்கடத்தல் வரவில்லை. பிறகு தாமிரத்துக்கு மாறினார்கள். 30 கெல்வினை ஒட்டி மின்தடை விழுந்தது. அடுத்த ஆண்டே நோபல் பரிசு.

நிக்கலை உலகம் மறந்துவிடவில்லை. தாமிர ஆக்சைடுகளில் ஒவ்வொரு தாமிர அயனியின் 3டி ஆர்பிட்டால்களிலும் 9 எலக்ட்ரான்கள். 10 இருந்தால் நிரம்பும், ஒன்று குறைகிறது. அந்தக் குறை, தன்னைச் சுற்றியுள்ள நான்கு ஆக்சிஜன்களை நோக்கிக் கைநீட்டும் ஒரே ஆர்பிட்டாலில் இருக்கிறது. தனிம அட்டவணையில் தாமிரத்துக்கு இடப்பக்கம் நிக்கல். அதை ஒற்றை நேர்மின் அயனியாக்கினால் அதிலும் 9 எலக்ட்ரான்கள். கணக்கை நீங்களே போடலாம்: 1 லாந்தனம், 1 நிக்கல், 2 ஆக்சிஜன் கொண்ட சேர்மத்தில் ஆக்சிஜன்கள் 4 எதிர்மின்னூட்டம் கேட்கின்றன, லாந்தனம் 3 தருகிறது, மீதி 1 நிக்கலின் பொறுப்பு. இந்தச் சேர்மம் தாமிர ஆக்சைடுக்கு இரட்டையாக இருக்கக்கூடும் என்று அனிசிமோவ், புக்வாலோவ், ரைஸ் மூவரும் 1999-ல் கணக்கிட்டு எழுதினார்கள். 2004-ல் லீயும் பிக்கெட்டும் மறுத்தார்கள்: எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம், நிக்கல் தாமிரம் ஆகாது.

செய்து பார்க்க 20 ஆண்டுகள் பிடித்தன. நிக்கல் ஒற்றை அயனியாக இருக்க விரும்பாது. வலுக்கட்டாயமாக ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டில் டான்ஃபெங் லீயும் ஹெரால்டு ஹ்வாங்கும் அவர்கள் குழுவினரும் அதை முடித்தார்கள். நியோடிமியமும் சிறிது ஸ்ட்ரான்ஷியமும் கலந்த நிக்கல் ஆக்சைடை, அதாவது நிக்கலேட்டை, லேசர் துடிப்பால் ஆவியாக்கி மென்படலமாகப் படியவைத்தார்கள். (1987-ல் உயர்வெப்ப மீக்கடத்திகளுக்கு இந்த லேசர் முறையைப் பயன்படுத்தி வழிகாட்டியவர்களில் ஒருவர் டி. வெங்கடேசன், பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் நடத்தியவர்.) படலத்தை அலுமினியத் தாளில் சுற்றி, கால்சியம் ஹைட்ரைடோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 260 முதல் 280 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடேற்றினார்கள். நிக்கலுக்கு மேலும் கீழும் இருந்த ஆக்சிஜன்கள் வெளியேறின. மற்ற அணுக்கள் இடம் பெயராமல் நின்றன. 9 முதல் 15 கெல்வினில் மீக்கடத்தல் தெரிந்தது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் அலுமினியத்தையே படலத்தின் மேல் படியவைத்து ஆக்சிஜனை இழுக்கச் செய்தார்கள். மேட்டூரில் எந்த விடாப்பிடி மின்சாரத்தைத் தின்றதோ, அதே விடாப்பிடி அங்கே வேலை செய்தது.

இரட்டை கிடைத்துவிட்டதா? என் கருத்தில் இல்லை. எலக்ட்ரான் அமைப்பைப் பாருங்கள். தாமிர ஆக்சைடில் ஆக்சிஜனின் ஆற்றல் மட்டம் தாமிரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கினால் அந்தக் காலியிடம் பெரும்பாலும் ஆக்சிஜனில்தான் விழும். ஒற்றை அயனி நிக்கலில் அந்த இடைவெளி பெரிது. காலியிடம் நிக்கலிலேயே கூடுதலாகத் தங்குகிறது. ஹப்பர்டு எழுதிய எளிய மாதிரிக்கு அது தாமிரத்தைவிட நெருக்கம் என்றுகூட வாதிடலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் வந்து கணக்கைக் கலைக்கிறார். நியோடிமியத்தின் அகன்ற 5டி பட்டை கீழிறங்கி, நிக்கலின் எலக்ட்ரான்களில் சிறு பங்கைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. தாமிர ஆக்சைடின் தாய்ச் சேர்மம் முழுக் காப்பான். நிக்கலேட்டின் தாய்ச் சேர்மம் அரைகுறை உலோகம்போல நடக்கிறது. அதில் நீண்ட தூரக் காந்த ஒழுங்கும் தென்படவில்லை. ஆனால் எதிரெதிர்த் தற்சுழற்சியின் உறவு அங்கே இருக்கிறது. 2021-ல் எக்ஸ் கதிர்ச் சிதறல் அதைக் காட்டியது: வலிமை ஏறத்தாழ 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட், தாமிரத்தில் இருப்பதில் பாதி.



2025-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரியாண்டோவின் குழு சமாரியம் சேர்ந்த இதே வகைச் சேர்மத்தை 40 கெல்வின் அருகே கொண்டுபோனது. ஆனால் பெரிய செய்தி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வேறு திசையிலிருந்து வந்துவிட்டது. 2023 ஜூலையில் சீனாவின் சுன் யாட் சென் பல்கலைக்கழகத்தில் மெங் வாங் குழுவினர் 3 லாந்தனம், 2 நிக்கல், 7 ஆக்சிஜன் கொண்ட படிகத்தை இரு வைர முனைகளுக்கிடையே வைத்து நெருக்கினார்கள். அழுத்தம் 14 கிகாபாஸ்கலைத் தாண்டியதும், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 1,40,000 மடங்கில், 80 கெல்வினை ஒட்டி மீக்கடத்தல் வந்தது. திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினுக்கு மேலே!

இப்போது எண்ணிக்கையைப் போடுங்கள். ஆக்சிஜன்கள் கேட்பது 14, லாந்தனங்கள் தருவது 9, மீதி 5-ஐ இரண்டு நிக்கல்கள் பகிர்கின்றன. ஒன்றுக்கு இரண்டரை. ஆக, 3டி எலக்ட்ரான்கள் ஏழரை. ஒன்பது அல்ல! தாமிரத்தைப் போலிருக்க வேண்டும் என்று தேடியவர்கள் பிடித்துவைத்திருந்த எண்ணே இங்கே இல்லை. 20 ஆண்டுகள் நாம் நகலைத் தேடினோம்; கிடைத்தது நகல் அல்லாத ஒன்று. நிக்கலேட் ஆய்வு சொன்னவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான்.

அதன் உள்ளமைப்பு இரண்டு மாடி வீடு. ஒவ்வொரு மாடியும் நிக்கலும் ஆக்சிஜனும் கொண்ட ஒரு தளம். நடுவில் ஓர் ஆக்சிஜன் மாடிப்படியாக இரண்டு நிக்கல்களையும் சேர்க்கிறது. தாமிரத்தில் வேலை செய்வது தளத்தில் கைநீட்டும் ஆர்பிட்டால் மட்டுமே. இங்கே மேலும் கீழும் நீளும் இன்னொரு ஆர்பிட்டாலும் சேர்ந்துகொள்கிறது. மேல்மாடி நிக்கலின் அந்த ஆர்பிட்டாலும் கீழ்மாடி நிக்கலினதும் படிவழியே இணைகின்றன. ஒரு நிக்கல் இணைக்கு இந்த இருவகை ஆர்பிட்டால்களில் மொத்தம் 3 எலக்ட்ரான்கள். ஏறத்தாழ 2 படிவழி உறவில் தங்க, மீதி தளத்தில் ஓடுகிறது. படியின் எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு இறுகிப் பிணைகின்றன. தளத்தின் எலக்ட்ரான்கள் ஓடும் திறன் தருகின்றன. பிணைப்பவர் ஒருவர், ஓடுபவர் இன்னொருவர் என்றால், தாமிரத்தில் ஒரே எலக்ட்ரான் இரண்டு வேலையும் பார்க்க வேண்டியிருந்த சங்கடம் இங்கே குறைகிறது. பல கோட்பாட்டாளர்கள் இந்த வழியில்தான் கணக்கிடுகிறார்கள். நானும் இந்தப் பக்கமே சாய்கிறேன். அழுத்தம் இல்லாதபோது அந்தப் படி சற்றுக் கோணலாக, ஏறத்தாழ 168 டிகிரியில் நிற்கிறது. அழுத்தினால் 180-க்கு நிமிர்கிறது. நிமிர்ந்ததும் மீக்கடத்தல்.

இந்தச் சேர்மம் புதியதல்ல. 1986-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மோகன்ராம், கணபதி, கங்குலி, சி.என்.ஆர். ராவ் நால்வரும் லாந்தனம் நிக்கல் ஆக்சைடுகளின் அடுக்கு வரிசையையே செய்து, அடுக்கு கூடக் கூட மின்கடத்தலும் காந்தப் பண்பும் எப்படி மாறுகின்றன என்று அளந்து வெளியிட்டார்கள். அந்த வரிசையில் 3-2-7 இருந்தது. சூரிச்சில் தாமிரம் பிடிபட்ட அதே ஆண்டு! அவர்கள் கையில் இருந்தும் தவறவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண அழுத்தத்தில் அந்தப் படிகம் மீக்கடத்தி ஆவதில்லை; இல்லாத ஒன்றை அவர்கள் காணவில்லை. அவர்கள் அளந்ததைச் சரியாக அளந்திருந்தார்கள். 37 ஆண்டுகள் கழித்து வைரத்துக்கிடையே அதை வைத்தவர்கள் நின்றது அத்தகைய அளவைகளின் மேல்தான். அந்தக் கட்டுரையை எடுத்துப் படியுங்கள் என்று ஒவ்வொரு முதுகலை மாணவரிடமும் சொல்லி வருகிறேன்.

வைர முனைக்குள் இருக்கும் பொருளைக் கம்பியாக்க முடியாது, எலக்ட்ரானை ஒளியால் வெளியே தள்ளி அதன் பட்டையை அளக்கவும் முடியாது. அழுத்தத்தை வேறு வழியில் கொடுக்க வேண்டியிருந்தது. வழி, தரையை மாற்றுவது. சற்று நெருக்கமான அணு இடைவெளி கொண்ட படிகத்தின் மேல் இந்த நிக்கலேட்டை மென்படலமாக வளர்த்தால், படலம் தரையோடு பொருந்துவதற்காகப் பக்கவாட்டில் 2 விழுக்காடு சுருங்கும். 2025-ல் ஹ்வாங் குழுவும் ஷென்ஜென் நகரின் ஒரு குழுவும் தனித்தனியே இதைச் செய்து, சாதாரணக் காற்றழுத்தத்தில் 40 கெல்வினுக்கு மேலே மீக்கடத்தலைத் தொட்டார்கள். இரு குழுவினரும் தேர்ந்த தரை ஒன்றே: ஸ்ட்ரான்ஷியம் லாந்தனம் அலுமினேட். 1983-ல் நிக்கலின் இடத்தில் உட்கார்ந்து பயனற்றுப்போன அலுமினியம், இப்போது அடியில் தரையாகக் கிடந்து நிக்கலை நெருக்குகிறது. அதன் ஆக்சிஜன் பிடி உறுதியானது.

படலம் வைர முனைகளுக்குள் அடைபடாமல் இருப்பதால் ஒளியால் அளக்க முடிந்தது. அளந்தவர்களிடையே ஒரு வழக்கு இப்போது நடக்கிறது. மேலும் கீழும் நீளும் ஆர்பிட்டாலின் பட்டை, எலக்ட்ரான் நிரம்பும் எல்லையைத் தொட்டு ஓட்டத்தில் கலக்கிறது என்கிறது ஒரு தரப்பு. சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது என்கிறது இன்னொரு தரப்பு. வித்தியாசம் சில பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். படியில் இருப்பவர்கள் ஓடுகிறார்களா, படியில் நின்றபடியே மற்றவர்களைச் சேர்த்துவைக்கிறார்களா என்பது அந்தச் சில பத்தில் இருக்கிறது.